வீட்டுக்கு ஒரு காய்ச்சல்

நாலாங்கேம்பில் ஏழாம் நம்பர் ரயில் எஞ்சின் முதன்முதலாகக் காய்ச்சல் குடித்தது ஒரு புரட்டாசி மாதத்து முற்பகலில். வெள்ளத்தாய் மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவள், நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருந்த சின்னப் பையனை வீட்டில் விட ஆளில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், ஓடாத எஞ்சின் நிற்கிற தகரக் கொட்டகைக்குள் அதன் வயிற்றோடு சாய்த்து உட்காரவைத்து, அங்கிட்டு இங்கிட்டு நகராதே என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டுப் புல்லறுத்துத் திரும்பி வந்து பார்த்தால், பையன் நெற்றியெல்லாம் வேர்த்து, உடம்பு குளிர்ந்து, தானே எழுந்து தள்ளி நின்று, பசிக்குது முறுக்கு வேணும் என்கிறான். எஞ்சினின் வயிறோ அடுப்பிலிருந்து இறக்கின இட்லிச் சட்டி மாதிரிச் சுடுகிறது. வெயிலில் இரும்பு சுடுவதும் பிள்ளைக்குக் காய்ச்சல் விடுவதும் உலகத்தில் நடப்பதுதானே என்று புல்லுக்கட்டைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் இதைச் சொன்னபோது, அடுத்த வீட்டுப் பாண்டீஸ்வரி குடத்தைக் கழுவிக்கொண்டே சிரித்தாள்.

"ஏன் அத்தாச்சி, கொட்டகைக்குள்ள வெயிலே விழாதே. இரும்பு எப்படிச் சுடும்?"

வெள்ளத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. "அட ஆமாடி. அப்பப் பிள்ளை சூட்டத்தான் அது எடுத்துக்கிருச்சு போல."

குடம் நிறைந்துவிட்டதால் பேச்சு அதோடு முடிந்தது. நாலாங்கேம்பு எதையும் குடம் நிறைகிற நேரத்துக்கு மேல் யோசிக்கிற ஊர் இல்லை.

அந்த வகை எஞ்சின் மொத்தமே ஏழுதான் செய்தார்கள். மூங்கிலாற்றுக்கு அணை கட்ட மலையிலிருந்து கல் சுமப்பதற்கென்றே வெள்ளைக்காரன் காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் செய்து, துண்டு துண்டாய்க் கழற்றிப் பெட்டியில் அடைத்து, கப்பலிலும் பிறகு மாட்டுவண்டியிலும் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே முடுக்கினார்களாம். நாலே சக்கரம், ஒல்லிப் புகைபோக்கி, முதுகின் இரண்டு பக்கமும் தொங்குகிற தண்ணீர்த் தொட்டி. பார்த்தால் பொதி ஏற்றின கழுதை போல இருக்கும். ஒன்றாம் நம்பர் பாதி கட்டின அணையிலிருந்து சரிந்து காரைக்குள் விழ, எடுக்க முடியாமல் அதற்கு மேலேயே கட்டி முடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அணையின் வயிற்றுக்குள் நிற்கிறது. இரண்டும் மூன்றும் சண்டைக்குக் கப்பலேறிப் போனவை போனவைதான். நாலாம் நம்பர் பாய்லர் வெடித்துச் செத்தது. ஐந்தை அறுத்து ஒரு டூரிங் டாக்கீஸுக்குக் கேட் செய்தார்கள். ஆறாம் நம்பர் பட்டணத்துப் பார்க் ஒன்றில் நின்று, பிள்ளைகள் ஏறி விளையாடி, மழையில் கரைந்து, கடைசியில் புகைபோக்கி மட்டும் மிஞ்ச, அதையும் குப்பைத்தொட்டி ஆக்கிவிட்டார்கள். ஏழாம் நம்பரை மட்டும் யாரும் ஒன்றும் செய்யவில்லை. மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஊரும் அப்படி மறந்துபோன ஊர்தான். அணைக்கு வந்த கூலிகளை அடைத்துவைத்த நாலாவது கேம்பு அது; அணை முடிந்ததும் திரும்பிப் போக ஊரில்லாதவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கேம்புக்குக் கேம்பு குளிர்காய்ச்சல் வந்து கொள்ளைகொள்ளையாய் ஆட்கள் செத்தபோது, வெடவெடத்துப் போன கூலிகள் கல் ஏற்றுகிற இடைவேளையில் ஓடிப்போய் எஞ்சினின் வயிற்றில் முதுகை ஒட்டவைத்துக் குளிர்காய்வார்களாம், டிரைவர்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்களாம், அப்படியே சாய்ந்தபடி செத்துப்போனவர்களைக் கல் சுமந்த அதே வண்டிகளில் போட்டு அதே எஞ்சின்தான் புதைகாட்டுக்கு இழுத்துப் போகுமாம். ஆகவே, ஏழாம் நம்பருக்கும் காய்ச்சலுக்கும் பழக்கம் நேற்றைக்கு ஏற்பட்டதில்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது.

ஐப்பசி முடிவதற்குள் கொட்டகை வாசலில் வரிசை நின்றது. பல் முளைக்கிற பிள்ளையின் காய்ச்சலுக்கு டீ போடுகிற அளவு வெந்நீர் தேறும். டைபாய்டு என்றால் ஒரு தெருவே குளிக்கலாம். பிள்ளை பெற்றவர்களுக்கு வேது பிடிக்கவும், நெல் அவிக்கவும், கிழவர்களின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கவும் பெண்கள் குடத்தோடு வந்து, தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, எஞ்சினின் அடிக்குழாயைத் திறந்து வெந்நீர் பிடித்துப் போனார்கள். என்ன காய்ச்சலானாலும் சூடு ஒரு நாளுக்கு மேல் தங்காது, மறுநாள் ஆறிவிடும். காய்ச்சல்காரர்களை அந்த இரும்பு சுடாது, காய்ச்சல் இல்லாதவர் கை வைத்தால் கொப்பளித்துவிடும். அதனால் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிய பயல்களெல்லாம் மாட்டிக்கொண்டார்கள். ஊருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: பிள்ளைக்கு நெற்றி வேர்த்த உடனே தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. சுட்டுவிடும் என்று நினைத்தார்கள். யாரும் தூக்காமல் இருந்ததில்லை.

பாண்டீஸ்வரி மட்டும் வரிசையில் நின்றதே இல்லை. அவளுக்கு ஒரே மகள், நித்யஸ்ரீ. ஊருக்கு நித்தி. நாலு வயசாகப் போகிறது. பிறந்ததிலிருந்து ஒரு நாள் உடம்பு சுட்டதில்லை. மழையில் நனைவாள், மண்ணைத் தின்பாள், ஊருக்கெல்லாம் சளி பிடிக்கையில் இவள் மட்டும் கொட்டகை வாசலில் நின்று, ஓடாத எஞ்சினைப் பார்த்துக் கையைக் குவித்து "கூ..ஊஊ" என்று அதற்குப் பதிலாக இவளே விசில் அடித்துக்கொண்டிருப்பாள். அவளுடைய அப்பன் சோலைராசு வெல்டிங் பட்டறைக்காரன். "என் மகளுக்கு இரும்பு உடம்பு" என்பான். பாண்டீஸ்வரி உடனே மகள் காதுக்குப் பின்னால் மையைத் தொட்டு வைப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆல்பர்ட் சார் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய எஞ்சின்களைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றுகிற ஒரு சங்கத்தில் இருந்தார். அந்த ஏழில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து வந்தவர், அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பாய்லரைத் தொடப் போனவரை வெள்ளத்தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதீக சார், காய்ச்சல் இல்லாட்டிச் சுட்டுப்புடும்."

அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆவி அளவு காட்டுகிற மீட்டரில் முள் லேசாய் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார். "எதுல வந்தா என்னம்மா, ஆவி ஆவிதான்" என்றார். அவரும் ஊரோடு சேர்ந்துவிட்டார்.

ஆனால் அவர் கொண்டுவந்த செய்தி நல்லதில்லை. அணைக்குச் சொந்தக்காரத் துறை பழைய இரும்பையெல்லாம் ஏலம் விடப்போகிறது. இவர் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கி வந்திருந்தார். தை மாதம் ஒரு அதிகாரி வருவார். அன்றைக்கு எஞ்சின் தன் சொந்த ஆவியில் கொட்டகையிலிருந்து அணையடி வரைக்கும் போய்த் திரும்பினால், அதை அறுக்காமல் காப்பாற்றி, தண்டவாளத்தைச் சரிசெய்து, சுற்றுலா ரயிலாக ஓட்டுவார்கள். ஓடாவிட்டால் அறுத்துவிடுவார்கள். இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எஞ்சினின் அடுப்புத் தகடு அப்பளம் மாதிரித் தேய்ந்துபோயிருந்தது. கரி போட்டு எரித்தால் நாலாம் நம்பருக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும். காய்ச்சல் மட்டும்தான் அந்தத் தகட்டை ஒன்றும் செய்யாது.

சுற்றுலா ரயில் வந்தால் ரோடு வரும், ரோடு வந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, எஞ்சினை வைத்துத்தான் ஊர் பிழைக்க வேண்டும் என்று ஊர்த்தலைவர் வீரணன் காளியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டுப் பேசினார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஊரில் காய்ச்சலே இல்லை. இருந்ததையெல்லாம் எஞ்சின் குடித்துவிட்டது. முள் படுத்துக் கிடந்தது.

"திருவிழாவுக்கு என்ன செய்வோம்?" என்று கேட்டார் வீரணன். "தலைக்கட்டு வரி போடுவோம்ல? அதே மாதிரிதான். வீட்டுக்கு ஒரு காய்ச்சல்."

தலைக்கட்டு வரி கொடுக்காத குடும்பத்துக்கு அந்த ஊரில் கோயில் திருநீறு கிடையாது, முளைப்பாரியில் இடம் கிடையாது, சாவுக்குக்கூட ஊர் தள்ளித்தான் நிற்கும். அதனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பானைகளை மூடாமல் வைத்தார்கள். சாக்கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுவதை நிறுத்தினார்கள். கொசு மருந்து அடிக்க வந்த ஆளுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, எங்க ஊர்ல கொசுவே இல்லைப்பா என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்கள். வீரணன் தானே முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று மார்கழிப் பனியில் ஈரத்துண்டோடு படுத்தார். நாலு தும்மல் வந்ததே தவிரக் காய்ச்சல் வரவில்லை. "தலைவரு தும்மல்ல விசில் வேணா ஊதலாம்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் அந்த ஊர் தன் பிள்ளைகளுக்குக் கொசுவலையைக் கழற்றியது.

தை பிறந்ததும் காய்ச்சல் வந்தது. முதலில் கீழத்தெருவில், பிறகு காலனியில், பிறகு எல்லாத் தெருவிலும். வந்த வீட்டுக்காரர்கள் வாசலில் வேப்பங்கொத்து செருகிவைத்தார்கள், வரி தயார் என்பதற்கு அடையாளமாக. காய்ச்சல்காரர்களைக் கஞ்சி ஊற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே கொட்டகைக்குக் கொண்டுபோனால் மறுநாளே ஆறிப்போகும், வீணாகிவிடும். சுகாதார நிலையத்து எஸ்தர் சிஸ்டர் வீடு வீடாக மாத்திரை கொடுத்தாள். எல்லாரும் பல்லைக் காட்டி வாங்கிக் கூரையில் செருகிக்கொண்டார்கள்.

பாண்டீஸ்வரி வீட்டு வாசலில் மட்டும் வேப்பங்கொத்து இல்லை.

"என்னடி பாண்டி, உன் வீட்டு உலை எப்பக் கொதிக்கும்?" என்று குழாயடியில் கேட்டார்கள்.

"என் மக எஞ்சினுக்கு விசிலுதான் அடிப்பா. வரியெல்லாம் அவுக அப்பன் வெல்டிங்ல கழிச்சுக்கிருவாக" என்று இவளும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். ஆனாலும் குடத்தை இடுப்பில் வைத்தபோது அது வழக்கத்தைவிடக் கனத்தது. சோலைராசு அப்போது ஆல்பர்ட் சாரோடு எஞ்சின் வேலையில் இருந்தான். ஓட்டை அடைப்பதும் குழாய் மாற்றுவதும் அவன்தான். "ஊரே வரி வச்சிருக்கு. எஞ்சினுக்குள்ளயே கிடக்கிறவன் வீட்ல ஒண்ணுமில்லைன்னா சிரிக்க மாட்டாய்ங்களா" என்று அவன் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அன்றைக்குச் சாயந்திரம் நித்தி வாசலில் உறங்கிப்போனபோது, பாண்டீஸ்வரி அவளை உள்ளே தூக்கிப் போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தாள். கொஞ்ச நேரம்தான். கொசு ரீங்காரமிட்டதும் மனசு கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்தக் கொஞ்ச நேரம் போதுமானதாக இருந்தது.

அதிகாரி வருகிற வெள்ளிக்கிழமை விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் நித்திக்கு உடம்பு சுட்டது. பாண்டீஸ்வரிக்கு அது பழக்கமில்லாத சூடு. தன் பிள்ளை உடம்பென்றே தெரியவில்லை. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நேரே கொட்டகைக்கு ஓடினாள். கொட்டகை வாசலிலேயே வீரணன் நிறுத்தினார்.

"எங்க தாயி ஓடுற? இப்பக் குடுத்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்குமா? நாலே நாள். ஊரே பொறுத்துக்கிட்டிருக்குல்ல?"

"பிள்ளை முதமுறையா சுடுதுங்க மாமா. எனக்குப் பயமா இருக்கு."

"அதேதான் சொல்றேன். நாலு வருசமா சேத்து வச்ச காய்ச்சல். இந்த ஊர்லயே பெரிய காய்ச்சல் இதுதான். கடைசியா உன் மகளத்தான் சாத்தணும். முதல் மரியாதை உன் வீட்டுக்கு. தேங்காய் உன் மக கையாலதான்."

அவள் சோலைராசைப் பார்த்தாள். கொட்டகைக்குள்ளிருந்து கையில் ஸ்பானரோடு வந்தவன் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. "நாலு நாள்தானே" என்றான்.

பாண்டீஸ்வரி திரும்பி வீட்டுக்கு வந்து வாசலில் வேப்பங்கொத்து செருகினாள். எஸ்தர் சிஸ்டர் வந்து, பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்து, மாத்திரை கொடுத்து, "ஒழுங்காப் போடு. விடலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. சொன்னாக் கேளு பாண்டீஸ்வரி" என்று அதட்டிவிட்டுப் போனாள். அவள் மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். கஞ்சி ஊட்டும்போதெல்லாம் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாளைக்குப் போடலாம், இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு பொழுது என்று முடிச்சு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகைக்கு முன்னால் பந்தல், மேளம், பலூன் விற்கிறவன், ஐஸ்காரன். எஞ்சினுக்குப் பச்சை வர்ணம் அடித்து, நெற்றியில் சந்தனம் வைத்து, புகைபோக்கிக்கு மாலை போட்டிருந்தார்கள். அதிகாரி குடைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்தார். தலைக்கட்டு வாரியாகப் பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு வீடும் தன் காய்ச்சலைக் கொண்டுவந்து சாத்தியது. வெள்ளத்தாய் மறுபடியும் அதே பையனைக் கொண்டுவந்தாள். ஒருத்தர் ஒருத்தராக வேர்த்து, சிரித்து, எழுந்து போய்ப் பந்தலில் உட்கார்ந்து ஐஸ் தின்றார்கள். முள் ஏறியது. ஏறி ஏறி, சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றுவிட்டது.

"சிவப்பத் தொடாம சக்கரம் அசையாது" என்றார் ஆல்பர்ட் சார்.

"பாண்டீஸ்வரி வீடு!" என்று கூப்பிட்டார் வீரணன். மேளம் உரத்தது.

அவள் மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்துத் தூக்கி வந்திருந்தாள். எஞ்சினைப் பார்த்ததும் நித்தி கையைக் குவித்தாள். கூ என்று ஊத மூச்சு வரவில்லை. பச்சை வயிற்றோடு அவளைச் சாய்த்து, விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் தோளைப் பிடித்துக்கொண்டு, பாண்டீஸ்வரி பக்கத்தில் மண்டியிட்டாள். முள் நடுங்கியது. ஏறத் தொடங்கியது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எஞ்சினுக்குள் மீட்டரின் முன்னால் நின்ற சோலைராசு கத்தினான்: "ஏறுது! ஏறுது! இன்னும் ஒரு நூல்!"

நித்தியின் நெற்றியில் வேர்வை பொடித்தது.

பாண்டீஸ்வரி அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பிறகு ஒருபோதும் அவள் சொல்லவில்லை. பார்த்துவிட்டு மீட்டரையும் பார்த்தாள். முள்ளுக்கும் சிவப்புக்கும் நடுவே மயிரிழைதான் இருந்தது. காய்ச்சல் விட்டிருந்தால் இந்நேரம் சுட்டிருக்கும், சுட்டிருந்தால் பிள்ளை அழுதிருப்பாள், அழவில்லையே, அப்படியானால் உள்ளே இன்னும் காய்ச்சல் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஊரில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். "இன்னும் ஒரு நூல்" என்று மறுபடியும் சோலைராசு கத்தினான். அவள் மகளின் தோளை இன்னும் கொஞ்சம் இறுக்கி இரும்போடு சேர்த்துப் பிடித்தாள்.

முள் சிவப்பைத் தொட்டது. பந்தல் ஆர்ப்பரித்தது. அவள் மகளைத் தூக்கினாள். ஆற்றிலிருந்து எடுத்த கூழாங்கல் மாதிரிக் குளிர்ந்திருந்தாள் நித்தி.

அவள் கத்தினாளா என்று பிற்பாடு ஊர் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டது. கத்தினாள். அதே நேரத்தில் ஏழாம் நம்பரும் கத்தியது, எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி. நாலு சக்கரமும் உருண்டன. அப்பன் எஞ்சினுக்குள் நின்று கையசைத்துக்கொண்டே போனான், அணையடி வரைக்கும் போனான், பூ எறிந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டான், திரும்பி வந்து இறங்கின பிறகுதான் கொட்டகை ஓரத்தில் வெள்ளத்தாய் தலையில் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அதிகாரி அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். எஞ்சின் பிழைத்துக்கொண்டது.

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பாண்டீஸ்வரியின் முந்தானை முடிச்சை அவிழ்த்தது எஸ்தர் சிஸ்டர். மாத்திரைகள் வேர்வையில் நைந்து மாவாகியிருந்தன. சிஸ்டர் மறுபடியும் முடிந்துவிட்டாள்.

மறுநாள் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அதற்கு மறுநாளும் ஆறவில்லை. கொட்டகையைக் கூட்டப் போன வெள்ளத்தாய் தெரியாமல் கை வைத்துவிட்டுப் பதறி எடுத்தாள், சுடவில்லை. இட்லிச் சட்டிச் சூடு இல்லை அது. உறங்குகிற பிள்ளையின் வயிற்றைத் தொட்டால் இருக்குமே, அந்த இளஞ்சூடு. முள் அடியிலிருந்து ஒரு நெல்மணி அளவு எழும்பி அங்கேயே நின்றது. வெள்ளத்தாய் போய்ப் பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவள் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தாள். அவள் வைத்த கையை எடுக்கவில்லை. பொழுது சாய்ந்த பிறகு வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்து எஞ்சினுக்குப் போர்த்தினாள். ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் அங்கே குடத்தோடு வரவில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டார்கள். பானைகளை மூடினார்கள். கொட்டகைப் பக்கம் சத்தமாய்ப் பேசுகிறவர்களைப் பெண்கள் "ஷ்" என்று அடக்கினார்கள்.

ரோடு இன்னும் வரவில்லை. வந்தது ஒரு உத்தரவு. காப்பாற்றப்பட்ட எஞ்சின் வருசத்துக்கு ஒரு முறை அதிகாரி முன்னால் அணையடி வரை ஓடிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் பழையபடி ஏலம். ஆல்பர்ட் சார் கொட்டகை வாசலுக்கு வந்து அதைப் பாண்டீஸ்வரியிடம் சொன்னார்.

"புது பாய்லர் போட்டுறலாம்மா. எங்க சங்கத்துல செய்யறோம்ங்கிறாங்க. கரியிலயே ஓடும்."

"பழசை என்ன பண்ணுவீக?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அறுப்பீக" என்றாள் அவள்.

"அப்ப உள்ள இருக்கிற சூட்டோட ஊர்க் காய்ச்சலையும் சேத்துத்தான் ஓட்டணும். அணையடி வரைக்கும் போய் வந்தா..." அவர் மீட்டரைப் பார்த்தார். "முள் படுத்துரும்மா."

அவள் எஞ்சின்மேல் கம்பளியை இழுத்து விட்டாள். சோலைராசு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். மகள் போன நாளிலிருந்து அவன் எஞ்சினையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை, அவளையும் பார்ப்பதில்லை. வீரணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது துடைப்பத்தோடு நின்ற வெள்ளத்தாய்தான், குடம் நிறைகிற நேரம்கூட யோசிக்காமல் கேட்டாள்:

"ஏன் சார், தேரு என்ன கரியிலயா ஓடுது?"

மறுவருசம் தை வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தபோது பந்தல் இல்லை, மேளம் இல்லை. கோயில் தேர்வடம் இரண்டும் எஞ்சினின் மூக்கில் கட்டியிருந்தன. வீட்டுக்கு ஒரு காய்ச்சல் கேட்ட ஊர் வீட்டுக்கு ஒரு தோள் கொண்டுவந்திருந்தது. ஆணும் பெண்ணும் வடத்தைப் பிடித்து நின்றார்கள். வீரணன் முன்னால், ஆல்பர்ட் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில், எஸ்தர் சிஸ்டர் வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால். எஞ்சினுக்குப் பின்புறம், யார் கண்ணிலும் படாத இடத்தில், சோலைராசு தன் தோளை இரும்புக்குக் கொடுத்துக் குனிந்திருந்தான். பாண்டீஸ்வரி பக்கத்தில் நின்றாள், கம்பளிக்குள் ஒரு கையை விட்டபடி.

"இது என்ன சார்?" என்றார் அதிகாரி.

"ஓடப்போகுதுங்க" என்றார் ஆல்பர்ட் சார்.

அதிகாரி வடத்தைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், கம்பளிக்குள் போயிருந்த கையைப் பார்த்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். குடையை மடக்கிக்கொண்டார். "சரி. கிளம்புறதுக்கு முன்னால விசில் குடுக்கணும். அது விதி."

விசிலுக்கு ஆவி வேண்டும். வடம் பிடித்தவர்கள் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. தண்டவாளத்தில் ஒரு ஓணான் ஓடியது. பாண்டீஸ்வரி கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"கூ..ஊஊ."

வடம் இறுகியது. சக்கரம் உருண்டது. அணையடி வரை போய்த் திரும்புகிற வரைக்கும் ஊர் ஒரே சீராக இழுத்தது. மூச்சு இரைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் எஞ்சினை நிறுத்தின பிறகு சோலைராசு பின்னாலிருந்து வந்து, ஒரு வருசம் கழித்து முதன்முறையாக, மீட்டருக்கு முன்னால் போய் நின்றான்.

முள் அங்கேயேதான் இருந்தது.